யூஸ்டஸின் கிணற்றில் கைவைக்காதீர்கள்

நார்னியா என்ற மாய உலகத்தின் சிறுவர் கதைகள் மறுபடியும் திரைக்கு வருகின்றன. இந்த முறை நெட்ஃபிளிக்ஸ் எடுக்கிறது. இயக்குவது கிரேட்டா கெர்விக். ஏழு நாவல்களில் ஆறாவதாக வெளிவந்த ‘மந்திரவாதியின் மருமகன்’ கதையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். உலகெங்கும் இந்தக் கதைகளை நேசிக்கிறவர்கள் இதைக் கேட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு விறாந்தைக்குச் சனிக்கிழமைகளில் ஆங்கிலக் கதை வாசிக்க வரும் ஒன்பது பிள்ளைகளும் பிரிந்துவிட்டார்கள். போன சனிக்கிழமை ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலமும் வாக்குவாதம்தான். நான் தடுக்கவில்லை. ஒரு புத்தகத்துக்காகப் பிள்ளைகள் தொண்டை வறளச் சண்டை பிடிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

சண்டை இதுதான். இந்தக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1950 இல் முதலில் வெளியிட்டது சிங்கமும் சூனியக்காரியும் அலுமாரியும் வரும் கதை. அதிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக 1956 வரை ஏழு நாவல்கள். ஆனால், 1955 இல் வந்த ஆறாவது நாவல் எல்லாவற்றுக்கும் முந்திய காலத்தில் நடக்கிறது. நார்னியா எப்படி உண்டானது, காட்டின் நடுவே அந்த விளக்குக் கம்பம் எப்படி வந்தது, அலுமாரியின் மரம் எங்கே வளர்ந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ‘கதை நடந்த வரிசையில் எடுப்பதுதான் சரி’ என்கிறது ஒரு கட்சி. ‘வெளிவந்த வரிசையில்தான் எடுக்கவேண்டும்’ என்கிறது மற்றக் கட்சி.

என் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி சொன்ன நியாயத்தை நான் குறித்துவைத்திருக்கிறேன். “ரீச்சர், பனிக்காட்டுக்குள் ஒரு விளக்கு எரிகிறது. ஏன் எரிகிறது என்று எனக்கு ஐந்து புத்தகம் வரைக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் நல்லாக இருந்தது. விடையை முதலே சொல்லிவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?” வெளிவந்த வரிசைக்காக வாதாடும் பெரியவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் நான்கு வசனத்தில் முடித்துவிட்டாள்.

லூயிஸ் என்ன நினைத்தார் என்றும் பார்க்கலாம். 1957 இல் ஓர் அமெரிக்கச் சிறுவன் இதையே அவரிடம் கேட்டு எழுதினான். தாய் ஒரு வரிசை சொல்ல, அவன் வேறொரு வரிசை சொல்லியிருக்கிறான். லூயிஸ் சிறுவனின் பக்கம் சாய்ந்தார். நடந்த வரிசையே தனக்குப் பிடித்திருக்கிறது என்று பதில் எழுதி, எந்த வரிசையில் வாசித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லாமலும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் கடிதத்தின் முதற்பாதியை ஒரு கட்சியும் பிற்பாதியை மற்றக் கட்சியும் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அஸ்லான் என்ற சிங்கத்துக்கு யார் குரல் கொடுப்பது என்பது இன்னொரு சண்டை. ஒரு பெண் நடிகையின் பெயர் அடிபடுகிறது என்று 2025 இல் செய்தி வந்ததும் பலர் கொதித்துப்போனார்கள். அதைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. குரலைக் கேட்ட பிறகு பேசலாம்.

என் மனக்குறை வேறு. வரிசை, குரல், நடிகர் என்று இத்தனையும் பேசுகிற நாம், 2010 இல் நடந்ததைப் பேசவே மறந்துவிட்டோம். அந்த ஆண்டு வந்த மூன்றாவது படத்தில் யூஸ்டஸ் என்ற பையனிடமிருந்து ஒரு கிணற்றைப் பறித்துவிட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

புத்தகத்தை வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘டோன் ட்ரெடர்’ என்ற கப்பல் கிழக்கே, உலகத்தின் விளிம்பை நோக்கிப் போகிறது. துறைமுகத்து ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகாது. கப்பலில் யூஸ்டஸ் என்று ஒரு பையன். எல்லாவற்றிலும் குறை காண்பவன், சுயநலக்காரன். ஒரு தீவில் வேலைக்குக் கள்ளமடித்துவிட்டு மலைக்குள் போகிறான். செத்துப்போன பறவைநாகம் (டிராகன்) ஒன்றின் புதையல் மேல், பேராசை நினைவோடு தூங்கிவிடுகிறான். விழிக்கும்போது அவனே பறவைநாகமாக இருக்கிறான். கையில் மாட்டிக்கொண்ட தங்க வளையம் வீங்கிய தசைக்குள் இறுகி வலிக்கிறது. பேச முடியவில்லை. யாருக்கும் வேண்டாதவனாக இருந்தவன், அப்போதுதான் மற்றவர்கள் தனக்கு வேண்டும் என்று அறிகிறான்.

ஓர் இரவு சிங்கம் வருகிறது. மலை உச்சியில் ஒரு தோட்டம், அதன் நடுவே ஒரு கிணறு. நம் ஊர்க் கிணறு மாதிரி இல்லை, படிக்கட்டு இறங்கும் பெரிய கிணறு. அதில் குளித்தால் கையின் வலி தீரும் என்று அவனுக்குப் படுகிறது. ஆனால், முதலில் உடுப்பைக் கழற்று என்கிறது சிங்கம். பாம்பு சட்டை கழற்றுவதுபோல அவன் தன் தோலை உரிக்கிறான். உள்ளே இன்னொரு தோல். அதையும் உரிக்கிறான். அதற்குள்ளும் ஒன்று. மூன்றுமுறை உரித்தும் பறவைநாகமாகவே இருக்கிறான். நான்தான் உரிக்கவேண்டும் என்று சிங்கம் சொல்கிறது. அதன் நகத்துக்குப் பயந்தபடியே அவன் மல்லாந்து படுத்துக்கொடுக்கிறான். முதற்கீறல் நெஞ்சுவரை போனதுபோல வலிக்கிறது. பிறகு சிங்கம் அவனைத் தூக்கித் தண்ணீருக்குள் எறிகிறது. ஒரு கணம் எரிகிறது, பிறகு சுகமாக இருக்கிறது. அவன் பையனாக நீந்துகிறான்.

இதையெல்லாம் லூயிஸ் நேரே காட்டவில்லை. விடியுமுன், இருட்டு விலகும் வேளையில், யூஸ்டஸ் தன் மச்சான் எட்மண்டிடம் வாயால் சொல்கிறான். எட்மண்ட் அவனைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. நான் முதல்தடவை இங்கே வந்தபோது உன்னைவிட மோசமாக நடந்தவன், கூடப் பிறந்தவர்களையே காட்டிக்கொடுத்தவன் என்று மட்டும் சொல்கிறான். இரண்டு பையன்களின் மெல்லிய பேச்சு. ஒரு வாள்கூட இல்லை.

படத்தில் என்ன செய்தார்கள்? கிணறு இல்லை. சிங்கம் தூரத்தில் நின்று மணலைக் கீற, பறவைநாகத்தின் உடம்பு ஒளியோடு பிளந்து, பையன் வெளியே வருகிறான். அதுவும் படம் முடியும் தறுவாயில். அதுவரை பறவைநாகம் சண்டைக்குத் தேவைப்பட்டது. புத்தகத்தில் இல்லாத பச்சை மூடுபனி ஒன்று எல்லாத் தீவுக்கும் பின்னால் இருக்கும் தீமையாக ஊர்ந்துவருகிறது. ஒரு மேசையில் ஏழு வாள்களைச் சேர்த்து வைத்தால்தான் அது அழியுமாம். புத்தகத்தில் தேடிப்போவது காணாமற்போன ஏழு பிரபுக்களை, வாள்களை அல்ல.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. 2005 இல் முதற்படம் உலகெங்கும் 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2008 இல் வந்த இரண்டாவது அதில் அரைப்பங்கைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டது. டிஸ்னி விலகிக்கொண்டது. மூன்றாவதை எடுத்தவர்களுக்குப் பயம் வந்திருக்கும். தீவு தீவாகப் போகும் அமைதியான கதை எடுபடாது, ஒரு வில்லன் வேண்டும், எண்ணிக்கொண்டு போக ஒரு பொருள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வில்லனும் வந்தான், வாளும் வந்தது. வசூல் இரண்டாவது படத்தின் அளவைத் தாண்டவில்லை. நான்காவது படம் வரவேயில்லை. 2018 இல் உரிமை நெட்ஃபிளிக்ஸ் கைக்குப் போனது.

ஆனால் என் கோபம் வசூல் பற்றியது அல்ல, எங்கள் ஊர்க் கன்னியா பற்றியது.

எனக்குப் பன்னிரண்டு வயதில், 2003 இல், அம்மாவை வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவும் கூடப் போய்விட்டார். நான் உவர்மலையில் அம்மம்மாவோடு இருந்தேன். பெரியப்பா கொழும்பில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கியனுப்பிய கட்டில் நார்னியாப் புத்தகங்கள் மூன்று இருந்தன. ஒன்றுக்கு அட்டையே இல்லை. எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கு பக்கம். பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம்தான் எனக்குத் தெரியும். சூனியக்காரி எட்மண்டுக்குக் கொடுத்து மயக்கிய துருக்கி இனிப்பை, கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நெய் மினுங்கும் மஸ்கட்டாக நினைத்தே வாசித்தேன். இன்றும் அந்தப் பக்கத்தை வாசித்தால் வாயில் மஸ்கட்தான்.

யூஸ்டஸின் கிணறு வந்ததும் நான் யோசிக்கவே இல்லை. அது கன்னியா வெந்நீர்க் கிணறுதான். நகரத்திலிருந்து அனுராதபுர வீதியால் போனால், அருகருகே ஏழு கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரியும் ஆழம்தான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி முதல் வாளியைத் தலையில் ஊற்றும்போது மூச்சு நின்று திரும்பும். தோல் எரியும், பிறகு இளகும். லூயிஸ் எழுதியது எனக்குத் தெரிந்த எரிவு, எனக்குத் தெரிந்த சுகம். அங்கே படிக்கட்டு இல்லை, இறங்கிக் குளிக்கவும் முடியாது. ஆனால், மனத்துக்குள் நான் ஒரு கிணற்றை அகலமாக்கிப் படியும் வைத்துவிட்டேன். இங்கிலாந்தில் இருந்து எழுதிய மனிதர் திருகோணமலைப் பிள்ளை ஒன்றுக்கு அவ்வளவு இடம் விட்டிருந்தார். படம் அந்த இடத்தை அடைத்துவிட்டது.

இப்போது ‘மந்திரவாதியின் மருமகன்’ பற்றிச் சொல்கிறேன். இதில் தொடங்குவதை நான் எதிர்க்கவில்லை. பெரிய திரைக்கு இதுவரை வராத கதை இது. ஆனால், இதிலும் ஒரு கிணறு இருக்கிறது, அதாவது தொட்டுவிடக்கூடாத ஓர் இடம். அதைத்தான் நான் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிகரி என்ற பையனின் தாய் சாகக் கிடக்கிறாள். அவன் நார்னியா பிறக்கும் வேளையில் அங்கே போய் நிற்கிறான். சிங்கம் பாடுகிறது. மண் கொப்புளம் கொப்புளமாக எழும்பி வெடித்து மிருகங்கள் வருகின்றன. கெர்விக் இதை அழகாகவே எடுப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு வருவது. அந்தப் பெரிய சிங்கத்திடம் பையன், என் அம்மாவைச் சுகப்படுத்த ஏதாவது தரமாட்டீர்களா என்று கேட்கிறான். அதுவரை அதன் பாதங்களையே பார்த்திருந்தவன் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறான். சிங்கத்தின் கண்ணில் கண்ணீர். தன்னுடையதைவிடப் பெரிய கண்ணீர்.

இதை எழுதியவருக்குத் தாய் இறந்தது 1908 இல். அப்போது லூயிஸுக்கு வயது ஒன்பது. புத்தகத்தில் டிகரியின் தாய் பிழைக்கிறாள். தனக்குக் கிடைக்காததை அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் எனக்கு இது தெரியாது. தெரியாமலே அந்தப் பக்கத்தை ஒரே இரவில் ஐந்து ஆறு தடவை வாசித்தேன். அம்மா இரண்டு மாதத்தில் இரவு ரயிலில் திரும்பி வந்தார். காலையில் ஸ்டேஷனில் இறங்கும்போது சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது, என்ன பேசினேன் என்பது ஞாபகம் இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இந்தக் கதை அந்நியமானதும் அல்ல. நோயுற்ற தாய் கும்பிடவேண்டும் என்று கோணமலையையே பெயர்க்கப்போன மகன் இராவணனின் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். கோணேசர் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மலைப்பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கக் காட்டுவார்கள். அந்தத் தாய் இறந்ததும் கடன் கழிக்கவே கன்னியாவில் ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தி நீர் எடுத்தான் என்பார்கள். இன்றும் தாயையோ தகப்பனையோ இழந்தவர்கள் அந்தக் கிரியைக்கு அங்கே போகிறார்கள். அம்மாவுக்காக ஒரு மகன் எவ்வளவு தூரம் போவான் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

ஆகவே, வரப்போகும் படத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். கதையில் எதை மாற்றினாலும் மாற்றட்டும், காலத்தை மாற்றட்டும், ஊரை மாற்றட்டும், குரலை மாற்றட்டும். டிகரி நிமிர்ந்து பார்க்கும் அந்த நொடியில் இசையைக் கூட்டாமல், குறுக்கே ஒரு வாளைக் கொண்டுவராமல், பையனின் முகத்தோடு கொஞ்சநேரம் நிற்பார்களா? நின்றால் அந்தப் படத்தை நான் என் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். இல்லையென்றால் வரிசை சரியாக இருந்தும் பயனில்லை.

லூயிஸ் 1959 இல் ஒரு கடிதத்தில், தன் கதையை மனிதர்களை வைத்து நடித்துக் காட்டுவதில் தனக்குச் சம்மதமே இல்லை என்று எழுதினார். பேசும் மிருகங்கள் கண்முன்னே வந்தால் கோமாளித்தனமாகவோ பயங்கரமாகவோ முடியும் என்பது அவர் பயம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 2005 இன் படத்தில் லூசி என்ற சிறுமி, நார்னியாவுக்கு வழியான அலுமாரியின் கதவைத் திறந்து உள்ளே போகும் காட்சியை அவசரப்படாமல் எடுத்திருந்தார்கள். உரோம மேலாடைகளுக்குள் கை நீளுகிறது, பிறகு கிளைகள் முகத்தில் படுகின்றன. அன்று முடிந்தது இன்றும் முடியும்.

பிள்ளை வளர்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் வந்ததும் பிள்ளை கேட்கும். மறுக்கவேண்டாம். ஆனால், அதற்கு முன் அந்த ஆறாவது புத்தகத்தில் பன்னிரண்டாம் அத்தியாயத்தையாவது வாசித்துக் கொடுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் சொல்லிக் கொடுங்கள். நான் போன வருடம் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னேன். சிங்கம் அழுத இடத்தில் அம்மா வெற்றிலையை மடித்த கையோடு நிறுத்தி, “பிறகு அந்தப் பிள்ளையின் தாய்க்கு என்ன ஆனது?” என்று கேட்டார். நான் சொல்லிமுடிக்கும்வரை வெற்றிலையை வாயில் போடவில்லை.

எங்கள் சனிக்கிழமை வகுப்பு இப்போது கப்பல் கதையில் ஆறாம் அத்தியாயத்தில் நிற்கிறது. யூஸ்டஸ் பறவைநாகமாகிவிட்டான், இன்னும் மீளவில்லை. கிணறு வருவது ஏழாம் அத்தியாயத்தில். வருகிற சனிக்கிழமை புத்தகம் இல்லை. காலை ஆறரைக்குப் பிள்ளைகளையும் அவர்களின் தாய்மாரில் நால்வரையும் வானில் ஏற்றிக் கன்னியாவுக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு துவாயும் மாற்றுடுப்பும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஏன் போகிறோம் என்று அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.