ஆவணம் இல்லாதவர் சம்பளப் பாக்கி கேட்க முடியாதா?

“அமெரிக்காவில் குடியேற்ற ஆவணம் இல்லாத ஓட்டல், துப்புரவுப் பணியாளர்கள் தொழிற்சங்கத்தில் சேர முடியாது, சம்பளப் பாக்கியும் கேட்க முடியாது” என்று சுற்றும் செய்தி தவறு.

1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் இவர்களும் ‘ஊழியர்’தான். 1984இல் ஷூர்-டேன் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்னது. சங்கம் இல்லாத இடத்திலும், இருவர் சேர்ந்து சம்பளம் பற்றி முதலாளியிடம் பேசினால் அதற்குப் பாதுகாப்பு உண்டு. தனி வீடுகளில் வேலை செய்வோர், பண்ணைத் தொழிலாளர் போன்ற சிலர் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அது ஆவணத்தால் அல்ல, தொழிலால்.

குழப்பம் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தின் 2002 ஹாஃப்மன் பிளாஸ்டிக் தீர்ப்பை அரைகுறையாகப் படிப்பதால் வருகிறது. சங்க வேலைக்காக நீக்கப்பட்ட ஆவணமற்றவருக்கு, நீக்கிய பின் வேலை செய்யாத காலத்துக்குச் சம்பளம் இல்லை என்றது அது. செய்து முடித்த வேலையின் கூலி வேறு கணக்கு: கூட்டரசுச் சட்டப்படி பொதுவாக மணிக்குக் குறைந்தது 7.25 டாலர், வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. பல மாநிலங்களில் இன்னும் கூடுதல்.

தாமதித்தால் வழக்கு தோற்கலாம். சங்க வேலைக்காக முதலாளி பழிவாங்கினால், புகார் கொடுக்க 6 மாதம்தான் கெடு. கூட்டரசுச் சட்டப்படி கூலி வழக்குக்கு 2 ஆண்டு, வேண்டுமென்றே ஏய்த்திருந்தால் 3. ரொக்கக் கூலி வாங்குபவர் வந்த நேரம், போன நேரம், வாங்கிய தொகையை அன்றன்றே குறித்து வைக்க வேண்டும். முதலாளியிடம் சரியான பதிவேடு இல்லையென்றால் அந்தக் குறிப்பே சான்றாக நிற்கும்.

புகார் கொடுத்ததற்காக “குடியேற்றத் துறையைக் கூப்பிடுவேன்” என்று மிரட்டுவது சட்டவிரோதம். ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்வதும் பொய்தான். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.