பிள்ளைகள் ஊரில், நாவல் நடுவழியில்

பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போனதும், இந்த மே மாதம் முழுக்க நான் நாவலாக எழுதித் தள்ளுவேன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அதோடு விட்டார்களா? அத்தைக்குக் கண் டாக்டரிடம் துணைக்குப் போகணும், நீ ஃப்ரீதானே. பக்கத்து ஃபிளாட்டுக்குக் கூரியர் வரும், வீட்டில்தானே இருக்கீங்க. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதை யாரும் வேலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதையே வங்கியில் போய் உட்கார்ந்து செய்தால் வேலையாம்!

பிள்ளைகளாவது விடுகிறார்களா? கதாநாயகி தாழ்ப்பாளில் கைவைத்தபடி நிற்கிறாள். கதவைத் திறந்தால்தான் அடுத்த அத்தியாயம். அந்த நேரம் பார்த்து வீடியோ கால். மாங்கொட்டையை யார் சப்புவது என்று கும்பகோணத்தில் சண்டை, பஞ்சாயத்து மட்டும் சென்னையில். அதைத் தீர்த்துவிட்டு வந்தால் மேல்வீட்டில் டிரில்லிங் மிஷின். அது ஓய்ந்தால் கரண்ட் கட். அக்னி நட்சத்திர வெயிலில், ஃபேன் இல்லாத அறையில், மார்கழிப் பனியை எப்படி வர்ணிப்பது?

பதிப்பாளருக்கு ஜனவரி புத்தகக் காட்சிக்கு நாவல் வந்தாக வேண்டும். நேற்று போன் செய்தார். எவ்வளவு முடிந்தது என்று கேட்டவர், அப்புறம் சாவகாசமாக, "நடுவில் ஒரு சிறுகதையும் கொடுத்திடுங்களேன்" என்கிறார்.