மரக்கட்டைகளுக்கே முதலிடம்

மழலையருக்கு ஏற்ற பொம்மைகளையும் தின்பண்டங்களையும் பரிந்துரைத்து வெளியான கட்டுரையைப் படித்தேன்; பொம்மைகளில் பாட்டுப் பாடி விளக்கெரிபவற்றுக்குக் கட்டுரையாளர் முதலிடம் அளித்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொத்தானை அழுத்தியதும் எல்லாவற்றையும் தானே செய்துவிடும் பொம்மை, குழந்தையின் கற்பனைக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை. சாதாரண மரக்கட்டைகளோ காலையில் வீடாகவும் மாலையில் ரயிலாகவும் மாறி, இடிந்து விழும்போதும் சிரிப்பை வரவழைக்கின்றன. 1837இல் ஜெர்மனியில் மழலையர் கல்வி நிலையத்தைத் தொடங்கிய ஃபிரீட்ரிக் ஃபிரோபெல், பந்து, உருளை, கனசதுரம் போன்ற எளிய வடிவங்களையே விளையாட்டுப் பொருள்களாக வடிவமைத்தார். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிறுவயதில் அக்கட்டைகளோடு விளையாடியதை முதுமையிலும் நினைவுகூர்ந்தார். காலி அட்டைப் பெட்டியும் சில வண்ணக்குச்சிகளும் இருந்தாலே அதே பயன் கிட்டும் (பெட்டிக்குள் வந்த பொருளைவிடப் பெட்டியே பிடித்துப்போவது எல்லாப் பெற்றோரும் அறிந்ததுதானே).

தின்பண்டங்களில் பழங்களைப் பரிந்துரைத்தது நன்று. ஆயினும் திராட்சையை முழுதாகத் தராமல் நீளவாக்கில் நான்காக நறுக்கித் தர வேண்டும் என்பதையும், ஒரு வயது நிறையும் வரை தேன் கூடாது என்பதையும் சேர்த்திருக்கலாம். ஒலியெழுப்பும் பொம்மையைத்தான் வாங்குவோம் என்பவர்கள், விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடிய பொத்தான் பேட்டரியின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்கட்டும்.