இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் ஆற்றங்கரைக்கு வாருங்கள்

தஞ்சாவூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை மூன்று நாள் சுற்றிக் காட்டினேன். கேஎல்சிசி இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, பத்துமலை என்று பட்டியல் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். எல்லாம் ஆயிற்று. கடைசி நாள் விமானத்துக்கு நேரம் இருந்ததால் மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். கோலாலம்பூர் பிறந்தது இங்கேதான் என்றதும் மாமா, "மொத நாளே இங்க கூட்டியாந்திருக்கலாமே மாப்ள" என்றார். அவர் ஊருக்குப் போயும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் நிற்கிறது மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல். 1857-ல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் வெள்ளீயம் தேடி இந்த வழியாகத்தான் அம்பாங் காட்டுக்குப் போனார்கள். காட்டுக் காய்ச்சலில் ஒரே மாதத்துக்குள் மிஞ்சியது 18 பேர். அவர்களைச் சொல்லாமல் இந்த ஊர்க் கதையைத் தொடங்கக் கூடாது. தமிழர்களான நம் கதையைத்தான் நாமே சொல்லாமல் விட்டுவிட்டோம் என்பது என் ஆதங்கம்.

1881 ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். மரப் பலகையும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக இருந்த ஊர் போயிற்று. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் உயரதிகாரியாக, வந்த சுவெட்டன்ஹாம், இனி செங்கல்லும் ஓடும்தான் என்றார். அதற்காகச் செங்கல் சூளைகள் புகைந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் அதே பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது என்று என் அண்ணன் பிள்ளைகளிடம் சொன்னபோது, அவர்களுக்கு அது புதுச் செய்தி.

டத்தாரான் மெர்டேக்கா என்ற சுதந்திரச் சதுக்கத்தில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்சம் நடங்கள். ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் மகா மாரியம்மன் கோயில் வந்துவிடும். 1873-ல் தம்புசாமிப் பிள்ளை நிறுவியது. முதலில் அவர் குடும்பக் கோயில். பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். வருடா வருடம் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தின் பின்னால் விடிய விடிய நடக்கிறோம். ரதம் ஏன் இந்தக் கோயிலிலிருந்து புறப்படுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த ஓர் இரவு போதுமே.

அப்படியே பழைய ரயில் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். நான் அதிக நேரம் நிற்கும் இடம் அதுதான். 1910-ல் முடிந்த கட்டடம், வரைந்தவர் ஹப்பேக். மஸ்ஜிட் ஜாமெக்கும் அவர் வரைந்ததே. ரஜூலா கப்பலில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிய என் பாட்டி, 1950-ல் தகரப் பெட்டியோடு இந்த பிளாட்பாரத்தில்தான் கால் வைத்தார். வெள்ளைக் குவிமாடங்களைப் பார்த்து "இது எந்த ராசாவோட அரண்மனை?" என்று தாத்தாவிடம் கேட்டாராம். தாத்தாவுக்குச் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. சல்லி கொட்டித் தண்டவாளம் போட்ட கூலிகளில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி (குமாஸ்தா) என்று பார்த்தால் யாழ்ப்பாணத்தார் நிறைய. இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஸ்பூனர் என்ற வெள்ளைக்காரர்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வேக்குத் தலைவர். நிலையத்தை வரைந்தவர் பெயர் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். சல்லி கொட்டியவர் பெயர் கிடைக்க வேண்டுமானால் நம் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும், அவர்கள் இருக்கும்போதே. பிரிக்பீல்ட்ஸில் வரிசையாக இருந்த ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்ற ஊழியர் குடியிருப்பு வீடுகளை இடித்துவிட்டார்கள். அங்கே யார் வீட்டு முற்றத்தில் என்ன மரம் நின்றது என்பதுகூட அங்கு வாழ்ந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 452 மீட்டர், எங்கிருந்தும் தெரியும், எங்கேயும் போகாது. விருந்தாளிகள் வந்தால் முதல் நாள் காலையை மட்டும் பழைய நகரத்துக்குக் கொடுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழரைக்கு அண்ணன் பிள்ளைகளோடு மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து நடக்கப் போகிறேன். பிரிக்பீல்ட்ஸில் தோசையோடு முடியும். வருகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். மெதுவாகவே நடப்போம்.