லீவு கேட்டவவுக்கு லீவைக் குடுங்கோ

வெள்ளிக்கிழமை நடந்தது எங்கட கம்பஸ் ஆக்களுக்குத் தெரியும். மூண்டு நாளா வாயை மூடிக்கொண்டு இருந்தன். இனி ஏலாது.

காலமை கேட்போர்கூடத்தில ‘ஊழியர் மனநலம்’ எண்டு கருத்தரங்கு. மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தவை, குரூப் போட்டோ எடுத்தவை. அதே நாள் பின்னேரம் ஒரு மேலதிகாரி, எங்கட பிரிவில வேலை செய்யிற ஒரு அக்கா லீவுக்குக் குடுத்த மெடிக்கல் சான்றிதழை எல்லாருக்கும் முன்னால தூக்கிப் பிடிச்சு, “இது மனநலக் கிளினிக்கில எடுத்ததோ? உங்களைப் பார்த்தால் வருத்தக்காரி மாதிரித் தெரியேல்லையே” எண்டு கேட்டார். அக்கா ஒண்டும் பேசேல்ல. கையில இருந்த ரப்பர் ஸ்டாம்பை இங்க் பெட்டிக்குப் பக்கத்தில வச்சா. பெட்டியை மூடினா. ஹாண்ட்பாக்கை எடுத்துக்கொண்டு படியால இறங்கிப் போயிட்டா.

கருத்தரங்கு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. லீவு கேட்டவவுக்கு முதல்ல லீவைக் குடுங்கோ எண்டுதான் சொல்லுறன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கட பிரிவில இருந்து வெளிநாடு போனவையின்ர இடத்துக்கு ஒருத்தரும் வரேல்ல. மூண்டு பேரின்ர மேசையை அவ தனிய இழுக்கிறா. உலக சுகாதார நிறுவனம் 2019ல ‘பேர்ன் அவுட்’ பற்றி எழுதேக்க ஊழியரின்ர பலவீனம் எண்டு எழுதேல்ல. வேலைத்தளத்தில சரியாக் கையாளாமல் விட்ட நாட்பட்ட அழுத்தத்தால வாறது எண்டுதான் எழுதினது. மூண்டு மேசையையும் அப்பிடியே விட்டுட்டு மூச்சை மட்டும் இழுத்து விடச் சொன்னால் எப்பிடி?

“மெடிக்கல் எல்லாம் பொய்” எண்டு சிலர் கொமண்டில வருவீங்கள். சரி, நானும் பொய் சொன்னனான். 2023ல பெறுபேறு வெளியிடுற நேரம், புள்ளிப் பட்டியலில ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பன், ஒண்டும் ஏறாது. வெள்ளவத்தையில பஸ்ஸுக்கு நிண்டு, வந்த பஸ்ஸில ஏற ஏலாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறன். டொக்டரிட்ட, “வயித்து வருத்தம், கஸ்ரைற்றிஸ் எண்டு எழுதித் தாங்கோ” எண்டு கெஞ்சினன். அவர் கொஞ்ச நேரம் என்ர முகத்தையே பார்த்துட்டு ‘ஓய்வு தேவை’ எண்டு மட்டும் எழுதினார். கந்தோரில கஸ்ரைற்றிஸ் எண்டு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சன். சின்னனில இருந்து ‘அங்கொடை’ எண்ட, மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின்ர பேரை ஏச்சாவே கேட்டு வளர்ந்தவள் வேற என்ன செய்யிறது? நான் பொய் சொல்லித் தப்பினன். அக்கா உண்மையைச் சொல்லித்தான் மாட்டினவ. எனக்கு இரவில நித்திரை வராததும் அதாலதான்.

“பிரைவேட்டில வேலை செய்து பாருங்கோ” எண்டால், அங்க நடந்தாலும் பிழை பிழைதான்.

“2024ல கல்விசாரா ஊழியர் நீங்கள் இரண்டு மாசத்துக்கு மேல ஸ்ட்ரைக் பண்ணி ஓய்வு எடுத்தனீங்கள்தானே” எண்டு ஒரு விரிவுரையாளர் என்ர முகத்துக்கு நேர சொன்னவர். சேர், அது ஓய்வில்லை. நகை அடகு வச்ச மாசங்கள். திரும்பி வரேக்க குவிஞ்சு கிடந்த விடைத்தாள் கட்டுகளைத் தூக்கினது நாங்கள். உங்கட பிள்ளையளின்ர பெறுபேறும் அந்தக் கட்டுகளுக்குள்ளதான் கிடந்தது.

படிக்குப் பக்கத்தில 1926 எண்டு போஸ்டர் ஒட்டியிருக்கு. தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். தேவைப்படுற ஆக்கள் கட்டாயம் எடுங்கோ. ஆனால் அக்காவின்ர லீவுப் படிவத்தில கையெழுத்து வைக்க வேண்டியது 1926 இல்லை, மேலதிகாரி நீங்கள். எங்கட கம்பஸ் ஆலோசகர் நல்ல மனிசி, சிங்களமும் இங்கிலீசும் பேசுவா. அக்காவுக்கு இரண்டும் வேலைக்குக் காணும். அழுறதுக்குக் காணாது.

இண்டைக்குக் காலமை அவவின்ர மேசையைப் பார்த்தன். மூடின இங்க் பெட்டிக்கு மேல புதுசா இரண்டு கட்டு வச்சிருக்கினம். ‘அவசரம்’ எண்டு சிவப்புப் பேனையால எழுதி, அவவின்ர பேரும் போட்டு. லீவுப் படிவம் இன்னும் கையெழுத்து இல்லாமல்தான் கிடக்குது.