பன்னிரண்டு வடைக் கொள்ளளவு

(திருச்சியில் ஒரு பழைய வாடகை வீடு. காலாண்டு விடுமுறை. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது. கொலஸ்ட்ரால் வரியின் அடியில் மனைவி கவிதா சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். கவிதா பேங்குக்குப் போயாச்சு. அத்தை லால்குடியிலிருந்து பத்து நாள் தங்கிப் போக வந்தவர். இன்றோடு நாற்பது நாள்.)

அத்தை: என்ன மாப்ள, போகும்போது கவிதா உங்க காதுல என்னமோ சொல்லிட்டுப் போனாளே?

மாப்பிள்ளை: சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள வீட்டுல ஏர் ஃப்ரையர் இருக்கணுமாம். எண்ணெய்ச் சட்டியைப் பரண்ல ஏத்திட்டா அத்தை.

அத்தை: தெரியும். நான்தான் எடுத்துக் குடுத்தேன். நீங்க இறக்கிடக் கூடாதுன்னு ஏணியை மாடி வீட்டுக்குக் குடுத்துட்டா.

மாப்பிள்ளை: நீங்களுமா அத்தை?

அத்தை: நான் என்ன பண்றது, அவ உங்களை மாதிரியா, திருப்பித் திட்டுவா. சரி, எந்த மாதிரி வாங்கணுமாம்?

மாப்பிள்ளை: அஞ்சு பேருக்குப் பெரிசா வேணும், 6.5 லிட்டர்ல பாருன்னா.

அத்தை: எண்ணெயா?

மாப்பிள்ளை: கொள்ளளவு அத்தை. எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும்.

அத்தை: ஆறரை லிட்டர் பாத்திரத்துல ஒரு ஸ்பூன் எண்ணெய். காவேரியில கரைச்ச புளிதான்.

மாப்பிள்ளை: எண்ணெயில வேகறதில்ல. மேல ஒரு கம்பிச்சுருள் பழுக்கும். அதுக்கும் மேல ஃபேன். அது சூட்டுக் காத்தைச் சுழட்டிச் சுழட்டி அடிக்கும். மேல இருக்கிற ஈரம் போய் மொறுமொறுன்னு ஆயிடும்.

அத்தை: அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடியில வடாம் காயுமே, அந்த மாதிரி.

மாப்பிள்ளை: அதேதான், ஆனா 200 டிகிரி.

அத்தை: நம்ம ஊருல பாதியை வெயிலே குடுத்துடும். யாரு கண்டுபிடிச்சா இதை?

மாப்பிள்ளை: ஃபிரெட் வான் டெர் வெய்னு ஒரு ஹாலந்துக்காரர். பிலிப்ஸ் கம்பெனி 2010-ல பெர்லின் கண்காட்சியில கொண்டாந்து வச்சாங்க.

அத்தை: ஹாலந்துல மசால் வடை உண்டா?

மாப்பிள்ளை: உருளைக்கிழங்கு வறுவல் உண்டு.

அத்தை: அப்ப அவரு கவலை உருளைக்கிழங்கு. நம்ம கவலை வடை. இந்த 6.5 லிட்டர்ல எத்தனை வடை நிக்கும்?

மாப்பிள்ளை: அது... லிட்டருங்கறது சுவர் உயரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது அத்தை. அடுக்கினா நடுவுல காத்து போகாது, வெள்ளை வெளேர்னு மாவாவே நிக்கும்.

அத்தை: வடை என்ன மாடியிலயா குடியிருக்கப் போவுது? அப்புறம் லிட்டர் எதுக்கு? தரை எத்தனை அகலம்னு கேளுங்க. இருங்க, நேத்துக் கடைசியா சுட்டதுல மிச்சம் இருக்கு, டப்பாவுல எடுத்துக்கறேன்.

மாப்பிள்ளை: வழியில பசிக்குமா?

அத்தை: அளக்கறதுக்கு.

(கடை. சாமான் வாங்க ஸ்கேல் கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாம்பிள் வடை கொண்டு போனவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருத்தர்தான். விற்பனைப் பெண் இவர்களுக்குக் காட்ட நாலு பெட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு, அடுத்த கஸ்டமரிடம் போயிருக்கிறாள்.)

அத்தை: இந்த உருண்டைக் கூடை 4 லிட்டர். ஏழு வடைக்கு மேல இடம் இல்ல. உங்க மாமா ஒருத்தருக்கே ஏழு பத்தாது.

மாப்பிள்ளை: இது 12 லிட்டர் அத்தை. முன்னாடி கதவு, உள்ள மூணு தட்டு.

அத்தை: அடுக்கு மாடியா? அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? மேல் தட்டு கம்பிகிட்ட இருக்கறதால அது சீக்கிரம் கருகுமாம், அடித் தட்டு வெளுத்துக் கிடக்குமாம். பாதியில மேல இருக்கறதைக் கீழே, கீழே இருக்கறதை மேலன்னு மாத்தணுமாம். வடைக்கு டிரான்ஸ்பர் போட்டுக்கிட்டே உக்காந்திருக்க நான் என்ன கல்வி ஆபீஸா?

மாப்பிள்ளை: அப்ப இந்த ரெட்டை டிராயர்? 9 லிட்டர். ஒண்ணுல மீன், இன்னொண்ணுல உங்க விரத நாள் சேப்பங்கிழங்கு. ஒண்ணோட வாசனை இன்னொண்ணுல ஏறாது.

அத்தை: தனிக்குடித்தனம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு ரூமும் முழங்கை அகலம்கூட இல்லையே. ஒரு முழுக் கோழி வாங்கினா கால் நீட்டிப் படுக்க முடியாது. அந்தச் சதுரத்தைத் தள்ளுங்க இந்தப் பக்கம்.

மாப்பிள்ளை: இதான் 6.5. தரை 22 சென்டிமீட்டருக்கு 22. உங்க வடை குறுக்களவு 6. இருபத்திரண்டை ஆறால வகுத்தா மூணு, மிச்சம் நாலு. மூணு மூணா ஒம்பது வடை. கணக்கு முடிஞ்சுது.

அத்தை: முடிஞ்சுதா? நகருங்க.

(அத்தை டப்பாவைத் திறக்கிறார். முதல் வரிசையில் மூன்று வடை, இடது சுவரோடு ஒட்டி. இரண்டாவது வரிசையை அரை வடை தள்ளி, மேல் வரிசையின் இடுக்குக்குள் மூக்கு நுழைகிற மாதிரி இறக்குகிறார். மூன்றாவது மறுபடி இடது. நான்காவது மறுபடி வலது. கடைசி வடை சுவரைத் தொட்டும் தொடாமலும் உட்காருகிறது.)

மாப்பிள்ளை: பன்னெண்டு!

அத்தை: நீங்க வச்சது நேர்ப்புள்ளி. நான் வச்சது இடைப்புள்ளி. மார்கழி மாசம் வாசல் பக்கம் வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?

மாப்பிள்ளை: (வாய்க்குள்) ஆறால வகுத்தேன்... அத்தை, இடுக்குல காத்துப் போகக்கூட முக்கோணமா சந்து விட்டிருக்கீங்களே!

அத்தை: விடாம? இதையே பில் போடச் சொல்லுங்க. பதிமூணாவது வடை அந்தப் பொண்ணுக்கு. பாவம், அப்பலேருந்து டப்பாவையே பாத்துக்கிட்டு இருக்கு.

(வீடு. பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. அடுப்படியில் மாப்பிள்ளை பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்.)

அத்தை: என்ன, சாமி கும்பிடறீங்களா?

மாப்பிள்ளை: பிளக் நுழையல அத்தை. கால் தடியா இருக்கு. இது 1700 வாட். 230-ஆல வகுத்தா ஏழரை ஆம்பியர்கிட்ட வருது. நம்ம அடுப்படி பாயிண்ட் 6 ஆம்பியர். 16 ஆம்பியர் பாயிண்ட்லதான் மாட்டணும்.

அத்தை: ஏழரைன்னாலே வம்புதான். குட்டியா ஒரு மாத்து பிளக் விப்பாங்களே, அதைப் போட்டா?

மாப்பிள்ளை: வடை வேகறதுக்கு முந்தி ஒயர் வெந்துடும்.

அத்தை: வீட்டுல பெரிய பாயிண்ட் எங்கெங்க இருக்கு?

மாப்பிள்ளை: மூணு இடத்துல. படுக்கை ரூம்ல ஏசிக்கு, ஏழடி உயரத்துல.

அத்தை: ஏணி மாடி வீட்டுல இருக்கு.

மாப்பிள்ளை: பாத்ரூம்ல ஹீட்டருக்கு.

அத்தை: சீச்சீ.

மாப்பிள்ளை: பின் வராண்டாவுல வாஷிங் மெஷினுக்கு.

(ஏர் ஃப்ரையர் வாஷிங் மெஷின் தலைமேல் ஏறுகிறது. இருப்பது ஒரே பாயிண்ட். இது ஓடினால் அது ஓடாது. பின்பக்கம் சூட்டுக் காற்று வெளியேற ஒரு சாண் இடம் விடச் சொல்லிக் குறிப்பேட்டில் போட்டிருக்கிறது. விட்டார்கள். அந்த ஒரு சாணில் கொடி கட்டித் துணி காய்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க மாப்பிள்ளையின் பனியனில் வஞ்சிர மீன் மணத்தது.)

அத்தை: (முதல் ஈட்டைக் கையில் எடுத்து, மெஷின் மேல் தட்டுகிறார், டக் டக் என்று சத்தம் வருகிறது) மாப்ள, இது வடையா, வறட்டியா?

மாப்பிள்ளை: எண்ணெய் தடவலையா அத்தை?

அத்தை: எண்ணெயே வேணாம்னுதானே எட்டாயிரத்தைக் குடுத்து வாங்கினோம்!

மாப்பிள்ளை: கொஞ்சம் வேணும். மேல பிரஷ்ல ஒரு தடவு.

அத்தை: அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? மாவுலயே ஒரு கரண்டி எண்ணெயைக் காய்ச்சி ஊத்தி, பருப்பை ஒண்ணு ரெண்டா அரைச்சு, மெலிசாத் தட்டிப் போட்டா வரும். பாத்துக்கிட்டே இருங்க.

(வந்தது. 180 டிகிரி, 16 நிமிஷம், நடுவில் ஒரு திருப்பு. எண்ணெயில் பொரித்த வடைக்குத் தம்பி என்று சொல்ல முடியாது, ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். பஜ்ஜி கதை வேறு. மாவில் முக்கிய வாழைக்காயைக் கூடையில் வைத்ததுமே மாவு ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிட்டது. மேலே அம்மணமாக வாழைக்காய் வெந்தது, கீழே தனியாக ஒரு கடலைமாவு தோசை வெந்தது.)

மாப்பிள்ளை: எண்ணெயில போட்டா மாவு அந்த நொடியே கெட்டியாயிடும். காத்துல கெட்டியாகறதுக்குள்ள வழிஞ்சிடுது. அதான் விஷயம்.

அத்தை: விஷயம் தெரிஞ்சவர் மாவு கரைக்கும்போது எங்க போனீங்க? அது கிடக்கட்டும், உள்ள என்ன டபடபன்னு சத்தம்? பல்லி ஏதும் மாட்டிக்கிச்சா?

மாப்பிள்ளை: அப்பளம் போட்டேன் அத்தை.

அத்தை: அப்பளம் எதுக்குக் கதவைத் தட்டுது?

மாப்பிள்ளை: எடை இல்லாததால ஃபேன் காத்துல பறக்குது. (இழுத்துப் பார்த்து) ஒண்ணு மேல கம்பியில போய் ஒட்டிக்கிச்சு.

அத்தை: முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க! ஆறட்டும், அப்புறம் எடுக்கலாம். நாளையிலேருந்து அப்பளம் கேஸ் அடுப்புல சுட்டுக்கலாம், காசு மிச்சம். ஆமா, கரண்ட் எவ்வளவு இழுக்கும் இது?

மாப்பிள்ளை: இருபது நிமிஷம் ஓடினா அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அதை ஏசியே தின்னுடுது. 500-ஐத் தாண்டினா ரேட்டு பட்டியலே மாறிடும்.

அத்தை: அப்ப ஏசியை நிறுத்துங்க. வடை முக்கியம்.

(பத்து நாள் கழித்து. அத்தை இன்னும் லால்குடி போகவில்லை. கத்திரிக்காய்தான் காரணம். முன்பெல்லாம் கேஸ் தணலில் காட்டி, தோல் வெடித்து, பர்னரெல்லாம் சாறு வழிந்து அரை நாள் துடைப்பார். இப்போது கத்தியால் நாலு குத்துக் குத்தி, எண்ணெய் தடவி, 200-இல் இருபது நிமிஷம் விட்டால், காம்பைப் பிடித்து இழுத்ததும் தோல் சட்டை மாதிரிக் கழன்று வருகிறது. கொத்சுக்கு அடுப்புச் சுட்ட வாசனை இல்லை என்று ஒரு குறை மட்டும் உண்டு. சேனைக்கிழங்கும் வேர்க்கடலையும் ஜோர். கம்பி நாரால் கூடையைத் தேய்க்கப் போனபோது மாப்பிள்ளை போட்ட கூச்சலில், இப்போது ஸ்பாஞ்சைத் தவிர எதையும் அவர் கிட்டே கொண்டு போவதில்லை. சாயங்காலம் ஐந்தரை. பின் வராண்டா.)

அத்தை: மாப்ள, கொஞ்சம் இங்க வாங்க.

மாப்பிள்ளை: (வாயைத் துடைத்தபடி) என்னத்தை?

அத்தை: மத்தியானம் இந்தக் கூடையைக் கழுவிக் கவுத்து வச்சேன். இப்ப ஓட்டைத் தட்டுக்கு அடியில மூணு ஸ்பூன் எண்ணெய் நிக்குது.

மாப்பிள்ளை: நான் சேப்பங்கிழங்கு வறுத்தேன் அத்தை. அது விட்ட கொழுப்பா இருக்கும்.

அத்தை: கிழங்குக்கு ஏது கொழுப்பு? கொழுப்பு வேற எங்கயோ இருக்கு.

மாப்பிள்ளை: ...

அத்தை: இந்தத் தட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கிற பேப்பர்த் துண்டுல ‘மணமகள் தேவை’ன்னு போட்டிருக்கே. யாருக்குப் பாக்கறீங்க?

மாப்பிள்ளை: (குரலைத் தாழ்த்தி) தெருமுனைக் கடை மிளகாய் பஜ்ஜி அத்தை. நாலு நாலு நிமிஷம்தான், சூடு காட்டறேன். காலையில போட்ட பஜ்ஜியும் இப்பதான் எடுத்த மாதிரி ஆயிடுது. யோசிச்சுப் பாருங்க, கடைக்காரர் ஊத்துன எண்ணெயை இது கக்க வைக்குது. ஒரு வகையில வைத்தியம்.

அத்தை: வைத்தியம் எத்தனை நாளா நடக்குது?

மாப்பிள்ளை: வாங்கின ரெண்டாம் நாள்லேருந்து.

அத்தை: அதான் தினம் சாயங்காலம் துணி எடுக்க நீங்களே வர்றீங்களா! கவிதாகிட்ட சொல்ல வேண்டியதுதான்.

மாப்பிள்ளை: இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு.

அத்தை: ...வாழைக்காயா?

மாப்பிள்ளை: ஒண்ணு மிளகாய், ஒண்ணு வாழைக்காய்.

அத்தை: வாழைக்காயை இந்தப் பக்கம் குடுங்க. (ஒரு கடி) ம். வைத்தியம் பலமாத்தான் இருக்கு. அய்யய்யோ, ஸ்கூட்டர் சத்தம்! பொட்டலத்தை எங்கயாவது ஒளிச்சு வைங்க.

மாப்பிள்ளை: போட்டுட்டேன்.

அத்தை: எங்க?

மாப்பிள்ளை: வாஷிங் மெஷினுக்குள்ள.

அத்தை: அதுக்குள்ள உங்க வெள்ளைச் சட்டை எல்லாம் கிடக்கே! (எட்டிப் பார்த்து) இங்கதான் வர்றா. துணி போடணுமாம்.

மாப்பிள்ளை: ஒரே பாயிண்ட் அத்தை. ஃப்ரையர் ஓடினா மெஷின் ஓடாது.

அத்தை: அப்ப ஃப்ரையரைப் போடுங்க சீக்கிரம்!

மாப்பிள்ளை: உள்ள ஒண்ணுமே இல்லையே, என்னத்தை வறுக்கறது?

அத்தை: காத்தை வறுங்க மாப்ள. பேரே அதானே!