நடக்காத வினைகளையும் எழுதி வையுங்கள்

மருந்து மூலக்கூறு ஒன்றைத் திரையில் வரைந்துவிடலாம். அதைக் குடுவையில் செய்து எடுப்பதுதான் பாடு. எதனோடு எதைச் சேர்ப்பது, எந்தக் கரைப்பான், எந்த வினையூக்கி, எவ்வளவு சூடு என்று தேடியே மாதங்கள் ஓடிவிடும். செயற்கை நுண்ணறிவு இதை முன்கூட்டியே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை எனக்கும் உண்டு. 2019இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் ஸூரிக்கில் உள்ள ஐபிஎம் ஆய்வகமும் சேர்ந்து வெளியிட்ட 'மாலிக்யுலர் டிரான்ஸ்ஃபார்மர்' என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி, சோதனைக்குக் கொடுத்த வேதிவினைகளில் 90 சதவீதத்துக்கு மேல் விளைபொருளைச் சரியாகச் சொன்னது. பெரிய சாதனைதான்.

ஆனால் அது எதைப் படித்துக் கற்றது? அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களிலிருந்து டேனியல் லோ என்ற ஆய்வாளர் திரட்டிய வினைகளை. கைகூடாத வினைக்கு அங்கே அநேகமாக இடமே இல்லை. வெற்றியை மட்டுமே பார்த்து வளர்ந்த மாதிரியிடம் "இது நடக்குமா?" என்று கேட்டால், நடக்காது என்று சொல்ல அதற்கு எப்படித் தெரியும்?

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2022இல் வந்த ஓர் ஆய்வு. வேதியியலாளர் பார்டோஷ் க்ஷிபோவ்ஸ்கி (Bartosz Grzybowski) குழுவினர், இரண்டு மூலக்கூறுத் துண்டுகளை ஒட்டவைக்க மருந்து வேதியியலில் அன்றாடம் பயன்படும் சுசூகி இணைப்பு வினையை எடுத்துக்கொண்டார்கள். ஆய்விதழ்களில் வந்த 10,000க்கும் மேற்பட்ட வினைகளைக் கொடுத்துப் பயிற்றுவித்தும், எந்தக் கரைப்பான், எந்தக் காரம் சரிவரும் என்பதில், அதிகம் பேர் பயன்படுத்தியதையே பரிந்துரைப்பதைவிட மாதிரிகள் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. முன்பு ஒருவர் போட்டதையும் அலமாரியில் இருப்பதையும்தான் நாம் திரும்பத் திரும்பப் போடுகிறோம். கணினி கற்றுக்கொண்டது நம் பழக்கத்தை, வேதியியலை அல்ல.

வழி இல்லாமல் இல்லை. 2016இல் அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில், பழைய ஆய்வக நோட்டுகளில் கிடந்த தோல்விகளையும் சேர்த்துக் கணினிக்குக் கற்பித்தார்கள். மருந்து அல்ல, படிகங்கள்தான். புதிய படிகம் உருவாகும் சூழலைக் கணிப்பதில் மாதிரி 89 சதவீதம் வென்றது. அனுபவமுள்ளவர்களின் ஊகம் 78 சதவீதம்.

எத்தனை ஆய்வு மாணவர்களின் நோட்டுகளில் 'ஈல்டு பூஜ்யம்', அதாவது விளைபொருள் எதுவும் கிடைக்கவில்லை என்ற வரி இருக்கும்! மாணவர் படிப்பை முடித்துப் போனதும் நோட்டு அலமாரிக்குள் போய்விடும். அப்புறம் வேறோர் ஊரில் இன்னொரு மாணவர் அதே வினையைப் போட்டு, அதே பூஜ்யத்தைப் பார்ப்பார். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வில் இந்த வீணடிப்பை ஏற்க முடியவில்லை. 'ஓபன் ரியாக்ஷன் டேட்டாபேஸ்' போன்ற பொதுத் தரவுத்தளங்கள் தோல்வியையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போதே நடக்காத வினைகளின் பட்டியலையும் அங்கே பதிவேற்ற வேண்டும் என்று நிதி கொடுப்பவர்கள் நிபந்தனை வைக்கட்டும். மருந்து நிறுவனங்களும், கைவிட்டுப் பல ஆண்டுகளான திட்டங்களின் தரவையாவது திறந்துவிடலாம்.